ஆடாதவர்களின் நாற்காலி

2011, ஏப்ரல் 2. மும்பை வான்கடே மைதானம். ராத்திரி. குலசேகரா வீசிய பந்தை தோனி லாங் ஆன் பக்கம் தூக்கி அடிக்கிறார். பந்து பறக்கிறது. தோனி மட்டையை ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, பந்து போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? நூறு தடவை? சரி, இப்போது அதே காட்சியைச் சத்தமே இல்லாமல் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். முடிகிறதா? முடியாது! பந்தோடு சேர்ந்து ரவி சாஸ்திரியின் கனத்த குரலும் தானாக எழுந்து வந்து நிற்கும்.

ரவி சாஸ்திரியை விடுங்கள். அவர் இந்தியாவுக்காக 80 டெஸ்ட் ஆடியவர். மைக் பிடிக்க அவருக்கு ஒரு தகுதிச் சான்றிதழ் இருக்கிறது. மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் கோட் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் இரண்டு பழைய வீரர்களை உட்கார வைத்து, சிரித்த முகத்தோடு கேள்வி கேட்கிறாரே ஒருவர், அவர் யார்? பெரும்பாலும் அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடியிருக்க மாட்டார். அப்புறம் எப்படி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்?

இந்த வாரம் அந்த நாற்காலியின் சரித்திரத்தைத்தான் பார்க்கப்போகிறோம். பார்ப்பதற்குத் தோதான இடம் லண்டனும் இல்லை, மும்பையும் இல்லை. நம்ம காரைக்கால்!

ஏன் காரைக்கால்? சொல்கிறேன்.

*

வடக்கே தரங்கம்பாடி. அது டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். தெற்கே நாகப்பட்டினம். அது ஒருகாலத்தில் டச்சுக்காரர்களின் துறைமுகம். நடுவில், அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில், 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் போன ஊர் காரைக்கால். 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படியான இணைப்பு முழுமையடைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா. நடுவே ஒரு துண்டு பிரான்ஸ்!

அந்த இரண்டு நூற்றாண்டுகளில் காரைக்கால்காரர் ஒருவர் முன்னுக்கு வர வேண்டுமென்றால் அவருக்கு பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். எல்லையைத் தாண்டி இரண்டு மைல் போனால் அதே ஆளுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் பேசியதும் பாடியதும் என்னவோ தமிழ்தான். கையில் அதிகாரம் வருவதற்கு முன்னால் வாயில் வேறொரு பாஷை வந்தாக வேண்டும் என்கிற விதியை இந்த ஊர் அளவுக்கு அனுபவித்த ஊர்கள் குறைவு. மைக்கின் கதையும் அச்சு அசல் இதேதான்.

இன்னொரு காரணமும் உண்டு. காரைக்காலிலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். தெற்கே இருபது கிலோமீட்டரில் இருக்கும் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறை சுமார் 110 கிலோமீட்டர்தான். அதாவது, காற்றில் வரும் குரலுக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் பக்கம். இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

(நடுவில் ஒரு தமாஷ்: பிரெஞ்சுக்காரர்களுக்கும் கிரிக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கிறீர்களா? 1900-ஆம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இருந்தது. ஆடியது இரண்டே அணிகள். பிரிட்டன் ஜெயித்தது, பிரான்ஸ் தோற்றது. பிரான்ஸ் அணியில் பெரும்பாலோர் பாரீஸில் வசித்த ஆங்கிலேயர்கள்தான் என்பது தனிக்கதை!)

*

விளையாட்டை ஒருவர் பார்க்க, பார்க்காதவர்கள் ரேடியோவில் கேட்பது என்கிற வித்தை அமெரிக்காவில் பிறந்தது. 1921 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் நகரத்து வானொலி நிலையம் ஒரு குத்துச்சண்டையை அப்படியே காற்றில் அனுப்பியது. பிரிட்டனில் பி.பி.சி. களத்தில் இறங்கியது 1927 ஜனவரி 15-ல். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடந்த ரக்பி ஆட்டம். மைக் முன்னால் உட்கார்ந்தவர் டெடி வேக்லாம். ரக்பி ஆடியவர்தான். ஆனால் மைக் புதுசு. எப்படிப் பேசுவது, யாரிடம் பேசுவது?

நிகழ்ச்சியின் பொறுப்பாளர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கெட்ட வார்த்தை பேசாதே என்று ஒரு அட்டையில் எழுதி எதிரே மாட்டினார். இரண்டாவதுதான் அற்புதம். பார்வையற்ற ஒருவரைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தார். ‘உலகத்துக்கே பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், இந்த ஒரு மனிதருக்கு என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், போதும்’ என்பதுதான் ஏற்பாடு.

விளையாட்டுத் தொகுப்பாளர் என்கிற தொழிலின் முதல் பாடமே இதுதான். பார்க்க முடியாதவருக்குக் கண்ணாக இரு!

இந்தியாவில் இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் பம்பாய் பார்ஸி ஒருவர். பெயர் பாபி தல்யார்கான். 1934-ல் பார்ஸிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தை ரேடியோவில் வர்ணித்தார். காலையில் மைக்கைப் பிடித்தால் சாயங்காலம்தான் விடுவார். மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் மட்டும் இடைவேளை. தனி ஆவர்த்தனம்! 1948-ல் வெஸ்ட் இண்டீஸ் அணி வந்தபோது, மூன்று பேர் மாறி மாறிப் பேச வேண்டும் என்றது ஆல் இந்தியா ரேடியோ. மைக்கைப் பங்கு போடுவதா? ‘நான் வரவில்லை’ என்று விலகிவிட்டார் மனிதர். அந்த நாற்காலியின் மீது மோகம் அன்றைக்கே அவ்வளவு!

தல்யார்கான் பேசியது இங்கிலீஷ். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் இங்கிலீஷ். மெட்ராஸிலும் கதை மாறவில்லை. மெட்ராஸ் அணிக்கு 1954-55-ல் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன் பாலு அழகண்ணன். பிற்பாடு ஆல் இந்தியா ரேடியோவின் மதிப்புக்குரிய வர்ணனையாளர் ஆனார். அவர் வர்ணித்ததும் இங்கிலீஷில். பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும். டீக்கடையில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். இங்கிலீஷ் தெரிந்த ஒருத்தர் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்பார். அவர் டீக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை!

யோசித்துப் பாருங்கள். உண்மையில் அந்த டீக்கடை ஆள்தான் தமிழின் முதல் விளையாட்டுத் தொகுப்பாளர்.

*

ஆல் இந்தியா ரேடியோவுக்கு இது உறைக்க 1980-கள் வர வேண்டியிருந்தது. சேப்பாக்கத்திலிருந்து தமிழில் கிரிக்கெட் வர்ணனை! ராமமூர்த்தி, கூத்தபிரான், அப்துல் ஜப்பார் என்று சில குரல்கள் வீட்டுக்கு வீடு உறவாகிப் போயின.

இவர்களில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். இந்தியாவுக்காக ஆடியவர் அல்ல. மாநில அணிக்கு ஆடியவரும் அல்ல. இளமையில் கொழும்புக்குப் போய், இலங்கை வானொலி நாடகங்களில் குரலைத் தீட்டிக்கொண்டவர். நாடகத்தில் நடிகர் முகம் தெரியாது. மேடை தெரியாது. மழை பெய்வதும், கதவு சாத்துவதும், காதலி அழுவதும் எல்லாமே குரலால்தான் ஆக வேண்டும். அந்தப் பயிற்சியோடு ஒருவர் சேப்பாக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? பந்து வீச்சாளர் ஓடி வருவது ஒரு காட்சி. மட்டையில் பட்ட சத்தம் இன்னொரு காட்சி. எல்லைக்கோட்டை நோக்கி ஓடும் பந்து மூன்றாவது காட்சி. பிற்காலத்தில் லண்டனிலிருந்து ஒலித்த ஐ.பி.சி. தமிழ் வானொலி வரைக்கும் அந்தக் குரல் போனது. 2020 டிசம்பரில் அவர் காலமானபோது, ஸ்கோர் மறந்துபோனவர்கள்கூடக் குரலை நினைவுகூர்ந்தார்கள்.

இவர்களுக்கெல்லாம் ஒரு பெரிய தலைவலி இருந்தது. வார்த்தை! ஒரு விநாடிக்குள் நடந்து முடிகிற விஷயத்துக்குத் தமிழில் என்ன சொல்வது? அகராதி பார்க்க நேரமில்லை. பந்து கீப்பர் கைக்குப் போவதற்குள் சொல்லாக வேண்டும். ‘ஆட்டமிழந்தார்’, ‘சுழற்பந்து’, ‘எல்லைக்கோடு’ என்று நாம் இன்றைக்குச் சர்வ சாதாரணமாகச் சொல்வதெல்லாம் இப்படிப் பேசிப் பேசி, எழுதி எழுதிப் பழகிய வார்த்தைகள்.

இங்கேதான் காரைக்காலுக்கு ஒரு விசேஷம். சென்னையிலிருந்து ‘பேட்டிங்’ என்று கேட்கும். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, இலங்கைத் தமிழில், ‘துடுப்பாட்டம்’ என்று கேட்கும். ‘டாஸ்’ என்றால் அங்கே ‘நாணயச் சுழற்சி’. ‘ஃபீல்டிங்’ என்றால் ‘களத்தடுப்பு’. படகுத் துறையில் துடுப்பு வலிக்கிற கைகள் உள்ள ஊரில், கவாஸ்கரும் துடுப்போடுதான் இறங்குகிறார் என்று கேட்டால் எப்படி இருந்திருக்கும்!

ஒரே ஆட்டம். ஒரே பாஷை. இரண்டு கரை, இரண்டு அகராதி. இரண்டையும் கேட்டு வளர்ந்த கடற்கரை இது.

*

அடுத்து டி.வி. வந்தது.

சென்னை தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. ஆனால் அதன் அலை டெல்டா வரை எட்டாது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அந்த நாட்டின் மிக உயரமான பிதுருதலாகல மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம். அவ்வளவுதான், டெல்டாவின் கடலோர ஊர்களில் மொட்டை மாடிகள் எல்லாம் கடலைப் பார்த்து ஆன்டெனா தூக்கின! சிங்களம் புரியாவிட்டால் என்ன, கிரிக்கெட் புரியுமே.

இந்த இடத்தில் நமக்குத் தேவையான ஒரு மாற்றம் நடக்கிறது. ரேடியோவில் வர்ணனையாளர்தான் எல்லாம். டி.வி.யில் படமே பேசிவிடுகிறது. அப்புறம் மனிதருக்கு என்ன வேலை? ஆஸ்திரேலியாவின் பழைய கேப்டன் ரிச்சி பெனோ இதற்கு ஒரு இலக்கணமே வைத்திருந்தார். படத்தில் இருப்பதைச் சொல்லாதே. படத்தோடு சேர்க்க ஏதாவது இருந்தால் பேசு, இல்லாவிட்டால் சும்மா இரு. அவ்வளவு பெரிய வீரர், 1956-ல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் லண்டனிலேயே தங்கி, பி.பி.சி.யில் இந்தத் தொழிலை மாணவனாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஆடத் தெரிவது வேறு, பேசத் தெரிவது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டி.வி. இன்னொரு வேலையையும் உண்டாக்கியது. மேட்ச்சுக்கு முன்னால், நடுவில், பின்னால் நிகழ்ச்சியைக் கட்டி இழுத்துப் போக ஒரு ஆள். அவர்தான் தொகுப்பாளர். பார்ப்பதற்குச் சொகுசான வேலை. ஆனால் அவர் காதுக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கும். எதிரே இருக்கிற பழைய வீரர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அதே நேரத்தில் கன்ட்ரோல் ரூமிலிருந்து புரொட்யூசர் காதில் பேசிக்கொண்டிருப்பார். இன்னும் பத்து விநாடி, விளம்பரத்துக்குப் போ, இல்லை போகாதே, மழை நின்றுவிட்டது, பிட்ச்சைக் காட்டுகிறோம்! இரண்டு காதிலும் இரண்டு பேச்சு. முகத்தில் மட்டும் சிரிப்பு மாறக்கூடாது. மழை இரண்டு மணி நேரம் பெய்தால் இரண்டு மணி நேரமும் சரக்கு இருக்க வேண்டும்.

இந்த நாற்காலிக்கு இந்தியாவில் ஒரு மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்தவர் ஹர்ஷா போக்ளே. 1961-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். அப்பா என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பிரெஞ்சுப் பேராசிரியர்! (காரைக்கால்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) அம்மா உளவியல் பேராசிரியர். பிள்ளை கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு அகமதாபாத் ஐ.ஐ.எம். போனவர். கிரிக்கெட் ஆடியது பல்கலைக்கழக அணி வரைக்கும்தான். பத்தொன்பது வயதில் ஹைதராபாத் வானொலியில் மைக் பிடித்தார். 1991-92-ல் இந்திய அணி ஆஸ்திரேலியா போனபோது, அந்த நாட்டு ஏ.பி.சி. வானொலி அவரை வர்ணனைக்கு அழைத்தது. அந்த அழைப்பு கிடைத்த முதல் இந்தியர் அவர்.

அவர் திரும்பி வந்த நேரம் நல்ல நேரம். அதுவரை வானம் முழுக்க தூர்தர்ஷனுக்குச் சொந்தம். 1993-ல் ஹீரோ கோப்பையைத் தனியார் நிறுவனம் ஒளிபரப்பலாமா என்று சண்டை மூண்டு, கோர்ட்டுக்குப் போய், 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. காற்றலை பொதுமக்களின் சொத்து, அரசாங்கத்தின் ஏகபோகம் அல்ல! கதவு திறந்தது. விளையாட்டுக்கென்றே தனி சேனல்கள் நுழைந்தன. நாள் முழுக்கச் சேனல் ஓடினால் நாள் முழுக்கப் பேச ஆள் வேண்டுமே? ஹர்ஷா போக்ளே வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் ஆனார்.

2003 உலகக் கோப்பையில் செட் மேக்ஸ் சேனல் மந்திரா பேடியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. ஒரு நடிகைக்கு கிரிக்கெட் பற்றி என்ன தெரியும் என்று நாடே கிண்டல் செய்தது. ஆனால் அவர் கேட்டது, வீட்டில் உட்கார்ந்து பார்த்த லட்சக்கணக்கானோர் மனசில் இருந்த கேள்வியை. வேக்லாம் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பார்வையற்றவரை ஞாபகம் இருக்கிறதல்லவா? அவருக்கும் இப்படிக் கேள்விகள் இருந்திருக்கும்.

*

இந்த நாற்காலிக்கு ஒரு சாபம் உண்டு. உட்கார்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் எழுப்பப்படலாம்.

2016 மார்ச்சில் உலக டி-20 நடந்துகொண்டிருந்தபோது, இந்திய வர்ணனையாளர்கள் நம் வீரர்களை விட்டுவிட்டு மற்றவர்களைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அமிதாப் பச்சன் ட்விட்டரில் வருத்தப்பட்டார். பெயர் சொல்லவில்லை. தோனி அதை ஆமோதித்தார். அடுத்த மாதம் ஐ.பி.எல். தொடங்கியபோது ஹர்ஷா போக்ளே இல்லை. ஏன்? காரணத்தைத் தன்னிடம் யாருமே சொல்லவில்லை என்று அவரே எழுதினார். வீரருக்கு ரன் இருக்கிறது, விக்கெட் இருக்கிறது, கணக்குக் காட்டலாம். தொகுப்பாளர் எதைக் காட்டுவார்? பிறகு அவர் திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம்.

2019 நவம்பர். கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் பகலிரவு டெஸ்ட். பிங்க் பந்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று வீரர்களைக் கேட்க வேண்டும் என்றார் ஹர்ஷா. பக்கத்தில் இருந்த சஞ்சய் மஞ்ச்ரேக்கர், ‘அது உனக்குத்தான் தேவை, ஆடிய எங்களுக்குத் தெரியும்’ என்கிற அர்த்தத்தில் நேரலையிலேயே ஒரு போடு போட்டார். பிற்பாடு தான் பேசியது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஒரு வரியில் எண்பத்தைந்து வருஷத்துச் சண்டை மொத்தமும் அடங்கியிருந்தது. ஆடாதவனுக்கு என்ன தெரியும்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஆடியவருக்கு விடை தெரியும். ஆடாதவருக்குத்தான் கேள்வி தெரியும். விடை தெரிந்த இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் அது அவர்களுக்குள் நடக்கிற அரட்டை. நடுவில் கேள்வி தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால்தான் அது நமக்கான நிகழ்ச்சி.

*

2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் தமிழுக்கென்றே ஒரு சேனல் தொடங்கியது. ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி, லட்சுமிபதி பாலாஜி என்று ஆடியவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆடாதவர்கள்! எஃப்.எம். ரேடியோவில் பேசிப் பிரபலமான ஆர்.ஜே.பாலாஜி, விஜய் டி.வி.யின் சூப்பர் சிங்கர் மேடையில் தொகுத்து வழங்கிய பாவனா. ‘பாட்டு நிகழ்ச்சிப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை?’ என்று யாராவது கேட்டால், சரித்திரம் தெரிந்த நீங்கள் பதில் சொல்லலாம். நாடகத்திலிருந்து வந்தவர் அப்துல் ஜப்பார். இங்கிலாந்தின் தலைசிறந்த கிரிக்கெட் வர்ணனையாளர்களில் ஒருவரான ஜான் ஆர்லட், அதற்கு முன்னால் போலீஸ்காரர்! மேடையையும் நேரத்தையும் ஆளையும் சமாளிக்கத் தெரிவதுதான் இங்கே முதல் தகுதி. ஆட்டத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது அடுத்த தகுதி. அதைப் படிக்காதவர் இங்கே நிலைக்க மாட்டார்.

2023-ல் ஐ.பி.எல். இணையத்தில் பன்னிரண்டு பாஷைகளில் ஒளிபரப்பானது. போஜ்புரியில்கூட! இங்கிலீஷ் தெரிந்த ஒருத்தருக்கு ஓசி டீ வாங்கிக் கொடுத்த காலம் போயே போய்விட்டது.

காரைக்கால்? புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக ஆடியது 2018-19-ல். 2024-ல் தொடங்கிய பாண்டிச்சேரி பிரீமியர் லீகில் காரைக்கால் பெயரிலேயே ஒரு அணி இறங்கியது. காரைக்காலில் பண்பலை வானொலி நிலையம் இருக்கிறது. அணி வந்துவிட்டது, வானொலி இருக்கிறது, பாஷையும் நம்முடையது. பாக்கி இருப்பது ஆள் மட்டும்தான்.

அந்த ஆளை எங்கே தேடுவது? டெல்டாவில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள். கோயில் திருவிழாவை ஒட்டிக் கபடிப் போட்டி நடக்கும். மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு மைக் செட். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு இளைஞர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருப்பார். யார் ரெய்டு போகிறார், எந்த ஊர், போன வருஷம் இதே களத்தில் என்ன செய்தார், கோப்பையை உபயம் செய்த புண்ணியவான் யார், நடுவில் காணாமல் போன குழந்தையின் சட்டை என்ன நிறம், எல்லாம் அத்துப்படி. கூட்டம் எங்கே சிரிக்கும், எங்கே கைதட்டும் என்பதும் தெரியும். பின்வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஆட்டம் தெரியாது. முன்னால் நிற்கிறவர்களின் தலைதான் தெரியும். அவர்களுக்குத்தான் அவர் பேசுகிறார்.

காதில் கருவி இல்லை, மேலே கோட் இல்லை. ஆனால் 1927-ல் வேக்லாமுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொண்டவர் அவர். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால், ஆட்டத்தோடு சேர்த்து அந்தக் குரலையும் கொஞ்சம் கவனியுங்கள்.